பேகன் என்ற பெயரை யார் யாருக்கு இட்டார்கள்?

வாசகர் ஒருவரின் கேள்வி
2 ஜனவரி 2025

கிறிஸ்தவம் பரவுவதற்கு முன் ஐரோப்பா முழுவதும் பேகன் மதம் என்ற ஒரே மதம் இருந்ததாகவும், அந்தப் பெயருக்குப் ‘பட்டிக்காட்டான்’ என்பதே பொருள் என்றும் படித்தேன். அப்படியானால் அம்மதத்தைத் தோற்றுவித்தவர் யார், அதன் மறைநூல் எது, நம் ஊர்களில் உள்ள ஐயனார், மாரியம்மன் வழிபாடுகளையும் அதே கணக்கில் சேர்க்கலாமா என்று தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.

2 ஜனவரி 2025, இரவு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். தமிழில் ‘பேகன்’ என்று எழுதியவுடன் மயிலுக்குப் போர்வை ஈந்த வள்ளலே என் கண்முன் நிற்கிறார். பழனி மலைப் பக்கத்து அந்த அரசருக்கும் இந்தப் பேகனுக்கும் எந்த உறவும் இல்லை.

இது லத்தீன் சொல். ‘பாகுஸ்’ என்பது ரோமானியர் ஆட்சியில் சில ஊர்கள் அடங்கிய நாட்டுப்புற வட்டாரத்தைக் குறித்தது. ‘பாங்கெரெ’ என்றால் ஊன்றுதல் அல்லது நடுதல் என்று பொருள். எல்லைக் கல்லை நட்டு வரையறுத்த நிலம் என்பதால் அந்த வினையிலிருந்து பாகுஸ் என்ற பெயர் பிறந்தது. அங்கே குடியிருப்பவர் ‘பாகானுஸ்’. விதைப்பு முடிந்த ஜனவரியில் அந்த வட்டார மக்கள் கூடி எடுத்த விழாவுக்குப் பாகானாலியா என்று பெயர். பிரெஞ்சில் உழவரைக் குறிக்கும் ‘பேயிசான்’, ஆங்கிலத்தில் அதே பொருளுள்ள ‘பெசன்ட்’ ஆகியவையும் அதே வேரில் கிளைத்தவைதாம்.

அந்தியோக்கியா, கொரிந்து, எபேசு, ரோம், கார்த்தேஜ் என்று கிறிஸ்தவம் முதலில் நகரங்களில்தான் காலூன்றியது. வயலும் ஆடுமாடுமாக இருந்தவர்கள் தங்கள் பழைய தெய்வங்களை நெடுங்காலம் விடாதிருந்தார்கள். ஆகவே நகரத்துக் கிறிஸ்தவர் மற்றவர்களைப் பட்டிக்காட்டான் என்று அழைத்தனர். நகரிலிருந்து நாகரிகம் என்ற சொல்லை உண்டாக்கிக்கொண்ட நமக்கு இது எளிதில் விளங்கும். 417ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய ஒரோசியுஸ் என்ற பாதிரியாரும் இதே விளக்கத்தைத்தான் தருகிறார். தோற்றுவித்தவரும் இல்லை, மறைநூலும் இல்லை. வழக்கு முடிந்தது என்று எழுதிவிட்டுத் தூங்கப் போகிறேன்.

3 ஜனவரி 2025

வழக்கு முடியவில்லை. நேற்று நான் எழுதியதில் கால வரிசை இடிக்கிறது என்பதைக் காலையில் காபி குடிக்கும்போது உணர்ந்தேன்.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் பழைய தெய்வங்களுக்காக வெளிப்படையாக வாதாடியவர்கள் யார்? ரோம் நகரின் செனட் உறுப்பினர்கள். செனட் மண்டபத்தில் வெற்றித் தெய்வத்துக்கு இருந்த பலிபீடத்தை 382இல் பேரரசர் கிராத்தியான் அகற்றியபோது, அதைத் திருப்பி வைக்கும்படி 384இல் விண்ணப்பம் எழுதிய சிம்மாக்குஸ் அந்நகரின் ஆளுநர். லத்தீன் நடையில் அக்காலத்து முதல்வரிசை எழுத்தாளர். இவ்வளவு பெரிய மறைபொருளை ஒரே வழியில் சென்று அடைந்துவிட இயலாது என்று அதில் அவர் எழுதிய வரி இன்றும் மேற்கோளாகிறது. மிலான் ஆயர் அம்புரோஸ் எதிர்த்து எழுத, விண்ணப்பம் தோற்றது. சிம்மாக்குஸைப் பட்டிக்காட்டான் என்று சொல்லியிருந்தால் அவருடைய பல்லக்குத் தூக்கிகளே சிரித்திருப்பார்கள்.

அவருடைய நண்பர் பிரெடெக்ஸ்டாடுஸ் இன்னும் சுவையானவர். அவர் 384இல் காலமானபின் எழுப்பப்பட்ட நினைவுக்கல் ரோமில் இருக்கிறது. குறிசொல்லும் பூசகர் குழு, வெஸ்டா, சூரியன், மித்திரன் என்று அவர் வகித்த பூசகப் பதவிகள் அதில் அடுக்கடுக்காகப் பொறிக்கப்பட்டுள்ளன. ‘என்னை ரோமின் ஆயராக்குங்கள், உடனே கிறிஸ்தவனாகிவிடுகிறேன்’ என்று அவர் பாப்பரசர் தமாசுஸிடம் வேடிக்கையாகச் சொல்வார் என்று புனித ஜெரோம் எழுதிவைத்திருக்கிறார். ஆயர் பதவிக்கு அப்போதே அத்தனை வசதி.

அந்தக் கல்லைக் கவனியுங்கள். இத்தனை தெய்வங்களுக்குப் பூசை செய்தவரிடம் ‘உங்கள் மதத்தின் பெயர் என்ன?’ என்று கேட்டால் கேள்வியே அவருக்கு விளங்கியிருக்காது. அவர் கையில் இருந்தவை பதவிகள், முறைகள், நாட்கள், பலிகள். அவற்றையெல்லாம் கட்டி ஒரே மூட்டையாக்கி மேலே பெயர்ச்சீட்டு ஒட்டியவர்கள் எதிர்ப்பக்கத்தார்.

5 ஜனவரி 2025

அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருந்ததா என்று இரண்டு நாளாகத் தேடியதில், இருந்தது என்று தெரிகிறது. அது நான் எதிர்பாராத இடத்தில், படைமுகாமில், இருக்கிறது.

முதல் நூற்றாண்டிலேயே ரோமானியப் படைவீரர்கள், படையில் இல்லாத யாரையும் பாகானுஸ் என்று அழைத்தார்கள். இன்று ராணுவத்தினர் நம்மைச் ‘சிவிலியன்’ என்று சொல்லும்போது குரலில் இலேசாகத் தொனிக்கும் அந்த இளக்காரம் அச்சொல்லிலும் இருந்தது. கி.பி. 69இல் நான்கு பேரரசர்கள் அடுத்தடுத்து வந்த உள்நாட்டுப் போரில், கிரெமோனா நகருக்கு அருகே நள்ளிரவில் சண்டை நடக்கிறது. படைத்தலைவர் அந்தோனியுஸ் பிரீமுஸ், முன்பு பணியிலிருந்து நீக்கப்பட்டு இப்போது தம் பக்கம் வந்து நிற்கும் காவற்படை வீரர்களைப் பார்த்து, இன்று வெல்லாவிட்டால் நீங்கள் பாகானிகள், வேறு எந்தத் தலைவனும் எந்த முகாமும் உங்களை ஏற்காது என்று உறுமுகிறார். இதைப் பதிவு செய்தவர் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ். வாளேந்திய முரட்டு வீரர்களை உசுப்புவதற்கு அந்த ஒற்றைச் சொல் போதுமானதாக இருந்திருக்கிறது.

கிறிஸ்தவர்களோ தங்களைக் கிறிஸ்துவின் படைவீரர் என்று சொல்லிக்கொண்டவர்கள். ஞானஸ்நானத்தைப் படையில் சேரும்போது எடுக்கும் உறுதிமொழியோடு ஒப்பிட்டார்கள். எனவே அந்தப் படையில் சேராதவன் பாகானுஸ் ஆனான் என்பது இரண்டாவது விளக்கம். நேற்றுவரை கேட்டிருந்தால் இதற்கே என் வாக்கு.

ஆனால் இதற்குச் சான்றாகக் காட்டப்படும், கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியனின் வரியை நிதானமாகப் படித்தபோது நான் தடுமாறினேன். 211ஆம் ஆண்டளவில், படைவிழாவில் தலையில் வாகை மாலை சூட மறுத்த கிறிஸ்தவ வீரன் ஒருவனை ஆதரித்து அவர் எழுதுகிறார். கிறிஸ்துவின் முன்னிலையில், விசுவாசமுள்ள பாகானுஸும் படைவீரனே, விசுவாசமுள்ள படைவீரனும் பாகானுஸே என்பது அவர் வாதம். அதாவது மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கிறிஸ்தவரே இன்னொரு கிறிஸ்தவரை, படையில் இல்லாதவர் என்ற பொருளில், பாகானுஸ் என்று கூச்சமின்றிக் குறிப்பிடுகிறார். மதப்பொருள் அப்போது சொல்லின்மேல் ஏறவே இல்லை. ஒரு நூற்றாண்டு கழித்துத்தான் ஏறுகிறது. எப்படி ஏறியது என்பதே இப்போது நம்முன் இருக்கும் கேள்வி.

6 ஜனவரி 2025

பாகுஸ் என்பது நம் ‘பாக்கம்’ தானே, நுங்கம்பாக்கமும் வில்லிவாக்கமும் ரோமாபுரிக்குப் போன கதைதானே இது என்று நண்பர் ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார். ஒலி ஒத்திருப்பதை மட்டும் வைத்து உறவு கொண்டாடினால் மயிலுக்குப் போர்வை தந்தவரையும் ரோமுக்கு அனுப்பவேண்டி வரும். பாங்கெரெ என்ற வினைக்குக் கிரேக்கத்திலும் ஈரானிய மொழியிலும் இனச்சொற்கள் உண்டு. சொற்பிறப்பு அகராதிகள் சமஸ்கிருதத்தில் கயிற்றையும் தளையையும் குறிக்கும் ‘பாச’ என்ற சொல்லையும் அவ்வரிசையில் வைக்கின்றன. பதி, பசு, பாசம் என்று சைவ சித்தாந்தத்தில் நாம் எண்ணும் பாசம்தான் அது. பாக்கத்தை இழந்த நண்பர் பாசத்தைப் பெற்று அமைதியடைவாராக.

9 ஜனவரி 2025

ஒரு பழைய நினைவை எழுதுகிறேன். விவாதத்தை விட்டு விலகுவதாகத் தோன்றலாம், விலகவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடிப் பக்கத்தில் கத்தோலிக்கத் துறவியர் நடத்திய பள்ளியில் படித்தேன். பெயர் வேண்டாம். வாரத்தில் சில நாட்கள் முதல் பாடவேளையில் வகுப்பு இரண்டாகப் பிரியும். கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேசத்துக்குப் போவார்கள். மற்றவர்களுக்கு ‘நன்னெறி’. அதனால் எங்களுக்கு நன்னெறிப் பிள்ளைகள் என்றே பெயராகிவிட்டது. ‘நன்னெறிப் பிள்ளைகளெல்லாம் எழுந்திரிங்க’ என்று ஆசிரியை சொல்வார். எழுந்து நிற்பவர்களில் நாடார் வீட்டு இந்துப் பையன், காயல்பட்டினத்திலிருந்து வந்த முஸ்லிம் மாணவர் இருவர், சைவப் பிள்ளைமார் வீட்டுப் பையன் எல்லாரும் உண்டு, சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்த ஒருவனும் உண்டு. அவன் வீட்டில் நாள்தோறும் வேதம் வாசிப்பார்கள், எங்கள் அனைவரையும்விட வேத வசனங்கள் அவனுக்கே அதிகம் மனப்பாடம். ஆனாலும் அந்த நாற்பது நிமிடமும் அவன் எங்களோடு நன்னெறிப் பிள்ளையாகவே இருந்தான்.

ஒருவரும் எங்களை இழிவுபடுத்தவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அந்தச் சொல்லில் வசையே இல்லை, கேட்டால் பாராட்டுப் போலக்கூட இருக்கும். ஆனால் எங்களுக்குள் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று, நாங்கள் அடுத்த அறைக்குப் போகவில்லை என்பது.

சிசிலித் தீவின் கத்தானியாவில் கிடைத்து, இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் நான்காம் நூற்றாண்டுக் கல்லறைக் கல்வெட்டைப் பற்றிப் படித்தபோது இந்த வகுப்பறைதான் நினைவுக்கு வந்தது. ஜூலியா புளோரென்டினா என்ற பதினெட்டு மாதக் குழந்தைக்குத் தந்தை எழுப்பிய கல் அது. அக்குழந்தை ‘பாகானாவாகப் பிறந்தாள்’ என்றும், மரணத் தறுவாயில் இரவு எட்டாம் மணியில் ‘விசுவாசியாக்கப்பட்டாள்’ என்றும், அதன்பின் நான்கு மணி நேரம் உயிரோடிருந்தாள் என்றும் கல் சொல்கிறது. செத்துப்போன தம் செல்லக் குழந்தையைப் பற்றி எந்தத் தகப்பனாவது பட்டிக்காட்டாள் என்றோ, பொய்த் தெய்வங்களை வணங்கியவள் என்றோ கல்லில் வெட்டுவானா? இன்னும் ஞானஸ்நானம் பெறாதவள், உள்ளே வராதவள் என்பதே அங்கே பொருள். நன்னெறிப் பிள்ளை.

கிறிஸ்டின் மோர்மன் என்ற டச்சு நாட்டு லத்தீன் அறிஞர் 1952இல் முன்வைத்த மூன்றாவது விளக்கமும் ஏறக்குறைய இதுதான். கிராமத்தான் என்றாலும் படையில் இல்லாதவன் என்றாலும் இரண்டுக்கும் அடியில் இருப்பது நம் வட்டத்துக்கு வெளியே இருப்பவன் என்ற பொது எண்ணம். கிறிஸ்தவர்கள் எடுத்துக்கொண்டது அதையே. நான் இப்போது இந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறேன். ஒரோசியுஸ் சொன்ன பட்டிக்காட்டு விளக்கம், சொல் ஒரு நூற்றாண்டு புழங்கி முடிந்தபின் அதன்மேல் ஏற்றப்பட்ட கூடுதல் இளக்காரம் என்றே தோன்றுகிறது. 410இல் ரோம் சூறையாடப்பட்டது கிறிஸ்தவத்தால் வந்த வினை என்றவர்களுக்கு மறுப்பெழுத உட்கார்ந்தவர் அவர். அவர்களைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லும் மனநிலையிலா இருந்திருப்பார்?

10 ஜனவரி 2025

அந்த வகுப்பில் படித்த நண்பர் இதைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தார். நன்னெறி வகுப்பில் எங்களுக்கு எந்த நெறியும் கற்பிக்கப்படவில்லையாம். பெரும்பாலான நாட்களில் பள்ளித் தோட்டத்தில் களை பிடுங்கினோமாம். அவர் சொல்வதே சரி. பாகுஸுக்கும் உழவுக்கும் உள்ள தொடர்பை நான் அவசரப்பட்டுக் கைவிட்டேன் போலும்.

14 ஜனவரி 2025

பொங்கல் வேலைகளுக்கிடையே எழுதுவதால் கோர்வை குறைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூலக் கேள்வியில் ‘தோற்றுவித்தவர் யார்’ என்று இருந்தது. இல்லை என்று முதல் நாளே சொன்னேன். ஒரே ஒருவரை அந்த இடத்தில் வைக்கலாம் என்றால் அவர் 361 முதல் 363 வரை ஆண்ட பேரரசர் ஜூலியன். கிறிஸ்தவராக வளர்க்கப்பட்டு, பழைய தெய்வங்களிடம் திரும்பியவர். அதனாலேயே அவருடைய பாதி மனம் தேவாலயத்தின் அமைப்பைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நகரிலும் வழிப்போக்கர்களுக்கு விடுதிகள் கட்டவேண்டும், பூசகர்கள் ஒழுக்கத்தோடு வாழவேண்டும், கலிலேயர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் காப்பாற்றுகிறார்கள், நமக்கு வெட்கமாக இல்லையா என்று கலாத்தியாவின் தலைமைப் பூசகருக்கு அவர் கடிதம் எழுதினார். கலிலேயர் என்று அவர் குறிப்பது கிறிஸ்தவர்களை. ஏதோ மூலையில் உள்ள வட்டாரத்தார் என்று சிறுமைப்படுத்தும் பெயர். அவரும் பட்டிக்காட்டான் என்றுதான் திருப்பித் திட்டினார் என்று சொல்லலாம்.

தம் பக்கத்தவரை அவர் அழைத்த பெயர் ‘ஹெல்லேனியர்’, அதாவது கிரேக்கர். கிரேக்க மொழியில் எழுதிய கிறிஸ்தவர்களும் மற்றவர்களை அதே பெயரால்தான் சுட்டினார்கள். லத்தீனில் பாகானுஸ், கிரேக்கத்தில் ஹெல்லேனியர். ஒரே கூட்டத்துக்கு மேற்கே உள்ள பெயர் நாட்டுப்புறத்தையும், கிழக்கே உள்ள பெயர் ஹோமரையும் பிளேட்டோவையும் நினைவூட்டுகின்றன என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

ஜூலியனின் முயற்சி எப்படிப் போனது என்பதற்கு அவரே எழுதிய நிகழ்ச்சி ஒன்று போதும். 362இல் அந்தியோக்கியாவுக்கு அருகே தாப்னே என்ற ஊரில் அப்பல்லோவின் ஆண்டுவிழா. காளைகளும் தூபமும் வெள்ளாடை அணிந்த இளைஞர் வரிசையும் இருக்கும் என்று மனத்தில் காட்சியெல்லாம் அமைத்துக்கொண்டு போகிறார். கோயிலில் தூபமில்லை, ஓர் அப்பமுமில்லை, பலிவிலங்கும் இல்லை. இன்று நகரத்தார் என்ன படைக்கப் போகிறார்கள் என்று கேட்டதற்கு, நான் என் வீட்டிலிருந்து ஒரு வாத்து கொண்டுவந்திருக்கிறேன், நகரம் ஒன்றும் ஏற்பாடு செய்யவில்லை என்கிறார் பூசகர். வருமானம் நின்றுபோன எத்தனையோ கிராமக் கோயில்களில் வீட்டிலிருந்து எண்ணெய் கொண்டுபோய் விளக்கேற்றும் பூசாரிகளை நான் பார்த்திருப்பதால், அந்தப் பெயர் தெரியாத மனிதர் எனக்கு ஜூலியனைவிட நெருக்கமானவராகத் தெரிகிறார்.

15 ஜனவரி 2025

நேற்றைய குறிப்பில் ஒரு திருத்தம். ஜூலியனைத் தோற்றுவித்தவர் என்றது மிகை. காளைகளைக் கணக்கின்றிப் பலியிட்டதற்காக அவர் தரப்பினரே அவரைக் கேலி செய்தார்கள். பாரசீகப் போரிலிருந்து உயிரோடு திரும்பியிருந்தால் நாட்டில் மாட்டுப் பஞ்சம் வந்திருக்கும் என்று, கிறிஸ்தவரல்லாத வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் எழுதுகிறார். தோற்றுவித்தவரைச் சீடர்கள் இப்படிப் பேசுவதில்லை.

19 ஜனவரி 2025

ஐயனார், மாரியம்மனைச் சேர்க்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். நாம் சேர்ப்பதற்கு முன்பே, 300 ஆண்டுகளுக்கு முன், தரங்கம்பாடியில் உட்கார்ந்து ஒருவர் சேர்த்துவிட்டார்.

1706 ஜூலையில் டேனிய அரசரின் ஆதரவில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க், தமிழைக் கற்று, உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா ஆகியவற்றை 1708இல் மொழிபெயர்த்தார். 1711இல் தமிழர் சமயத்தைப் பற்றி அவர் எழுதிய நூலின் தலைப்பிலேயே ‘ஹைடன்டூம்’ என்ற சொல் இருந்தது. ஆங்கிலத்தில் ‘ஹீத்தன்’ என்று வழங்கும் சொல்லின் ஜெர்மன் உருவம் அது. தரிசு நிலத்தைக் குறிக்கும் ‘ஹீத்’ என்பதிலிருந்து அது வந்தது என்போரும் உண்டு. அப்படியானால் மறுபடியும் பட்டிக்காட்டான்தான். அக்காலத்து ஐரோப்பியர் உலக மக்களை யூதர், கிறிஸ்தவர், முகமதியர், ஹைடன்கள் என்று நான்காகப் பிரிப்பது வழக்கம். முதல் மூன்றும் பெயர் உள்ள பெட்டிகள். நான்காவது பெட்டியில் ஜூப்பிட்டரை வணங்கிய ரோமானியரும் தோர் என்ற தெய்வத்தை வணங்கிய வட ஐரோப்பியரும் சிவனை வணங்கிய தஞ்சாவூர்க்காரரும் ஒன்றாகக் கிடந்தார்கள். நன்னெறி வகுப்பேதான்.

பெட்டிக்குள் இருப்பதை மெய்யாகவே திறந்து பார்த்ததில்தான் சீகன்பால்க் மற்றவரிலிருந்து வேறுபடுகிறார். தமிழர்களுக்குக் கேள்விகளை எழுதி அனுப்பி அவர்களிடமிருந்து பெற்ற மறுமொழிகளைக் கொண்டு, 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாற்றைத் தொகுத்தார். சிவன், திருமால், ஐயனார், மாரியம்மன், பிடாரி, அங்காளம்மன் என்று அதில் வகை பிரித்திருக்கிறார். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்த அவருடைய மேலோர், மிஷனரிகளை அனுப்பியது புறச்சமயத்தை ஒழிப்பதற்கே, அதன் கட்டுக்கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதற்கு இல்லை என்று சொல்லி அதை அச்சிட மறுத்துவிட்டார்கள். நூல் சென்னையில் அச்சேறியது 1867இல்.

அதே 1713இல் தரங்கம்பாடியில் தமிழில் அச்சான சிறு வெளியீட்டின் பெயர் ‘அக்கியானம்’. அஞ்ஞானம்தான் அது. அந்த வழக்கு நிலைத்துவிட்டது. பழைய தமிழ் வேதாகமத்தில் மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் ‘எத்னிகோய்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு நேராக ‘அஞ்ஞானிகள்’ இருக்கிறது. வேறு பல இடங்களில் ‘புறஜாதியார்’. மூலத்தில் அதற்குப் பிற இனத்தார் என்பதற்கு மேல் பொருள் இல்லை. அதே எண்ணம் போர்ச்சுக்கீசியர் வாயில் ‘ஜென்டியோ’ ஆகி, ஆங்கிலேயர் வாயில் ‘ஜென்டூ’ ஆகி, 1776இல் வெளிவந்த இந்துச் சட்டத் தொகுப்பின் தலைப்பிலும் ஏறியது. சென்னையில் ஆங்கிலேயர்கள் தெலுங்கர்களையும் தெலுங்கையும் ஜென்டூ என்றே குறித்தார்கள். உலகமெல்லாம் அலைந்த சொல் கடைசியில் வால்டாக்ஸ் சாலைப் பக்கத்துத் தெலுங்கரின் தலையில் வந்து இறங்கியிருக்கிறது.

ஆகவே என் பதில் இதுதான். ஐயனார் வழிபாட்டை ‘பேகன்’ என்று சொன்னால், கிறிஸ்தவமும் யூதமும் இஸ்லாமும் அல்லாதது என்ற செய்தி மட்டுமே கிடைக்கும். மண்குதிரை ஏன், வேளார் ஏன் பூசாரி, காவல் தெய்வத்தை ஊர் எல்லையில் ஏன் வைத்தார்கள் என்பவற்றில் ஒன்றைக்கூட அந்தச் சொல் விளக்காது.

20 ஜனவரி 2025

நாமும் அதைத்தானே செய்தோம் என்று கேட்டவருக்கு: ஆம், செய்தோம். சைவ சித்தாந்திகள் பிற கொள்கையினரைப் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என்று வகுத்து ஒவ்வொன்றிலும் அறுவகைச் சமயங்களை வைத்தார்கள். உலகாயதரும் நால்வகைப் பௌத்தரும் சமணரும் புறப்புறத்தில் இருக்கிறார்கள். ஒரு வேறுபாடு உண்டு. அங்கே ஒவ்வொரு சமயத்துக்கும் தனிப்பெயரும் தனி மறுப்பும் உண்டு. மறுக்கவாவது எதிராளியின் நூலைப் படித்திருக்கிறார்கள். ஆனால் இதை எழுதும்போதே இன்னொன்றும் உறைக்கிறது. அந்த அட்டவணையில் மாரியம்மனுக்கும் ஐயனாருக்கும் அந்தப் பூசாரிகளுக்கும் இடமே இல்லை. புறப்புறத்தில்கூட இல்லை.

26 ஜனவரி 2025

இன்று தங்களைத் தாங்களே பேகன் என்று சொல்லிக்கொள்பவர்கள் இருக்கிறார்களே என்ற கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்துவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஐஸ்லாந்தில் கி.பி. 1000ஐ ஒட்டி, கிறிஸ்தவர்களும் மற்றவர்களும் தனித்தனிச் சட்டம் வேண்டும் என்று பிளவுபடவிருந்தபோது, முடிவு செய்யும் பொறுப்பு சட்டம் உரைப்பவரான தோர்கெயிரிடம் தரப்பட்டது. அவர் பழைய தெய்வங்களைச் சேர்ந்தவர். ஒரு பகலும் இரவும் போர்வைக்குள் பேசாமல் படுத்துக் கிடந்துவிட்டு எழுந்து, நாட்டுக்கு ஒரே சட்டம், எல்லாரும் ஞானஸ்நானம் பெறவேண்டும், ஆனால் குதிரைக் கறி தின்பதும் மறைவாகப் பலியிடுவதும் இருக்கலாம் என்று தீர்ப்பளித்தார். என் அறிவில் போர்வையால் புகழ்பெற்ற இரண்டாம் மனிதர் இவர். அதே நாட்டில் 1972இல் ஸ்வெயின்பியோர்ன் பெயின்டெயின்சன் என்ற உழவரும் கவிஞருமானவர் நண்பர்களோடு பழைய தெய்வ வழிபாட்டுக்குச் சங்கம் அமைத்தார். 1973இல் அரசு அதை ஏற்றது. லித்துவேனியா 1387இல்தான் கிறிஸ்தவத்தை ஏற்றது. அங்கே ‘ரொமுவா’ என்ற பழஞ்சமயக் குழு அரசின் ஏற்புக்காகப் போராடி, 2021இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் வென்று, 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றிருக்கிறது.

இங்கிலாந்தின் கதை வேறு. ‘விக்கா’ என்ற சூனிய வழிபாட்டை உலகறியச் செய்த ஜெரால்டு கார்ட்னர், 1951இல் பழைய சூனியச் சட்டம் நீக்கப்பட்டபின், 1954இல் நூல் எழுதினார். கற்கால வழிபாடு இரகசியமாகத் தொடர்ந்து வந்து தம் கைக்குக் கிடைத்தது என்பது அவர் கூற்று. அப்படி அறுபடாத தொடர்ச்சி இருந்தது என்பதை இன்றைய வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. எனக்குச் சுவையாகப் பட்டது அவருடைய வாழ்க்கை. ஆஸ்துமாக்காரரான அவர் இளம்வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர். பிறகு போர்னியோ, மலாயாவில் ரப்பர்த் தோட்டமும் சுங்கத் துறையும். அந்தத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளியவர்களும் பால் வெட்டியவர்களும் எந்த ஊரிலிருந்து எந்தச் சாமியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆங்கிலேயரின் ஆதிமதத்தைத் தேடியவர், முப்பது ஆண்டுக்கு மேல் அறுபடாத ஆடித் திருவிழாக்களின் பக்கத்திலேயே குடியிருந்திருக்கிறார்.

2 பிப்ரவரி 2025

எழுதவேண்டாம் என்று நினைத்தும் இதை விட மனமில்லை. அமெரிக்காவில் போரில் மாண்ட வீரர்களின் கல்லறைக் கற்களில் அவரவர் சமயச் சின்னத்தை அரசே பொறித்துத் தரும். விக்காவின் ஐங்கோண நட்சத்திரத்துக்கு வெகுகாலம் இடம் தரவில்லை. குடும்பங்கள் வழக்குத் தொடர்ந்தபின் 2007 ஏப்ரலில் ஏற்றுக்கொண்டார்கள். இன்று வெல்லாவிட்டால் நீங்கள் பாகானிகள் என்று கிரெமோனாவில் உறுமிய அந்தோனியுஸ் பிரீமுஸிடம், பேகன்களுக்குப் படைவீரர் கல்லறை என்று ஒன்று இருக்கிறது என்று சொன்னால், மொழிபெயர்ப்பில் ஏதோ பிழை என்றே நினைத்திருப்பார்.

3 பிப்ரவரி 2025

நேற்றைய குறிப்பைத் திருத்துகிறேன். அங்கே ஏற்கப்பட்டது ‘பேகன்’ என்ற பொதுப்பெயரில் இல்லை, விக்கா என்ற பெயரில். தோரின் சுத்தியல் 2013இல் தனியாக ஏற்கப்பட்டது. தனித்தனிப் பெயர், தனித்தனிச் சின்னம்.